எண்பத்தாறாம் சீசனின் பதினான்கு வெற்றிகள்

எட்டுக் கல்லூரிகள் சேர்ந்த எங்கள் வால்நட் நதிக் கூட்டமைப்பின் பேஸ்பால் வரலாற்றுப் புத்தகத்தில் ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு பத்திதான். யார் முதலிடம், எத்தனை வெற்றி, எந்த வாரம் மழை கெடுத்தது, யார் நன்றாகப் பந்து வீசினார் என்பதோடு முடிந்துவிடும். 1962 முதல் 2011 வரை ஐம்பது சீசன்கள், ஐம்பது பத்திகள். அவற்றை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. கூட்டமைப்பின் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக இருப்பவன் நான் ஒருவன்தான்.

1986இல் மட்டும் பத்தி இல்லை, இரண்டு வரிகளும் ஒரு நட்சத்திரக் குறியும் இருந்தன. "தகுதியற்ற வீரரை ஆடவைத்ததால் பெல்மரி கல்லூரியின் பதினான்கு வெற்றிகள் ரத்து. வேவர்ன் கல்லூரி முதலிடம்." அந்த வீரரின் பெயர் ராய்ஸ் டன்லவி. பந்து வீசுபவர்.

மே மாதம், புதன்கிழமை காலை. இரண்டு வரியைக் கொஞ்சம் நீட்டலாம் என்று அந்த வருடத்துக் கோப்பை எடுத்தேன். அதில் டன்லவி முன்பு படித்த கல்லூரியின் மதிப்பெண் தாள் இருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கணக்கு: 24 கிரெடிட், பெருக்கல் மூன்றில் இரண்டு, விடை 16. எங்கள் விதிப்படி வேறு கல்லூரியிலிருந்து வருபவனுக்கு இருபத்து நான்கு செமஸ்டர் கிரெடிட் வேண்டும். பதினாறு இருந்தால் ஆட முடியாது.

அந்தக் கல்லூரி வருடத்தை மூன்றாகப் பிரித்துப் பாடம் நடத்தும். அதன் மூன்று கிரெடிட் நமக்கு இரண்டு. அங்கிருந்து வந்த ஏழு பேரின் தாள்களை அதற்கு முன் அப்படித்தான் பெருக்கியிருந்தேன். ஆம், அது என் பென்சில், என் எழுத்து. ஆனால் இந்தத் தாளின் அடியில், எறும்பு போன்ற எழுத்தில், ஒரு வரி இருந்தது. "இவ்வாண்டு முதல் எல்லாக் கிரெடிட்டும் செமஸ்டர் கணக்கில்."

அவர்களே மாற்றி அனுப்பியதை நான் இன்னொரு முறை மாற்றியிருக்கிறேன். டன்லவிக்கு இருபத்து நான்கும் இருந்தது.

தாளை மேஜைமேல் வைத்துவிட்டேன். தாளில் கையொப்பம் இல்லை. அந்த எழுத்து என்னுடையது என்று சொல்ல இன்று அலுவலகத்தில் யாரும் இல்லை. திரும்பக் கோப்பில் வைத்துவிட்டால் அந்த இரண்டு வரிகள் அப்படியே இன்னும் ஐம்பது வருடம் நிற்கும்.

பழைய முடிவு எதையும் மாற்ற எட்டு விளையாட்டு இயக்குநர்களில் ஆறு பேர் சம்மதம் சொல்ல வேண்டும். அவர்கள் வருடத்துக்கு ஒருமுறை, இறுதிப் போட்டிகள் தொடங்கும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடுவார்கள். அதே வெள்ளி மதியம் பன்னிரண்டு மணிக்குப் புத்தகம் அச்சுக்குப் போகிறது. என்னிடம் இரண்டு நாள் இருந்தது. ஜூன் மாதம் என் வேலை ஒப்பந்தத்தை இதே எட்டுப் பேர் புதுப்பிக்க வேண்டும் என்பதும் நினைவுக்கு வந்தது. அந்த நினைவு வந்ததற்காக வெட்கப்பட்டேன்.

அன்று மாலை சர்ச்சில் ஜெபக் கூட்டத்துக்கு முன் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் நாள். என் மனைவி கிளெண்டா நூடுல்ஸ் கேசரோல் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தாள். வண்டியைக் கிளப்பாமல் அவளிடம் சொன்னேன்.

"நீயா? சர்ச் விருந்துக்கு யார் உருளைக்கிழங்கு சாலட் கொண்டு வர்றாங்கன்னு மூணு தடவை சரிபார்க்கிற ஆளு நீ."

"அதுக்கப்புறம்தான் அப்படி ஆனேன்னு நினைக்கிறேன், கிளெண்டா."

"அப்போ ஏதாவது சந்தேகம் இருந்துச்சா உனக்கு?"

"அந்தப் பையன் ஃபோன் பண்ணினான். நான் எல்லாத்துலயும் பாஸ் ஆயிட்டேன் சார், இன்னொரு தடவை பாருங்கன்னான். பார்த்தேன்னு சொன்னேன். ஆனா பார்க்கல."

அவள் பாத்திரத்தின் மூடியைச் சரிசெய்தாள்.

"இயக்குநர்கள்கிட்ட அப்புறம் போ. முதல்ல அந்தப் பையன்கிட்ட போ."

"அந்தப் பையனுக்கு இப்போ நாற்பத்தஞ்சு வயசு."

"அப்படின்னா இருபத்தஞ்சு வருஷம் தாமதம். நாளைக்கே போ."

அன்று ஜெபத்தில் என் முறை வந்தபோது வாய் திறக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் எனக்காகவும் சேர்த்து ஜெபித்தார். எதற்காக என்று அவருக்குத் தெரியாது. இருந்தாலும் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வியாழன் காலை நாற்பது மைல் ஓட்டினேன். ராய்ஸ் டன்லவி நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் கடை வைத்திருந்தார். ஜாக்கியில் ஏற்றிய லாரியின் கீழிருந்து இரண்டு காலணிகள் மட்டும் தெரிந்தன.

"மிஸ்டர் டன்லவி? நான் டேல் ஹாஸ்டெட்லர். வால்நட் நதிக் கூட்டமைப்பு ஆபீஸ்லேர்ந்து வர்றேன்."

காலணிகள் அசையவில்லை. பிறகு மெல்ல அவர் வெளியே வந்தார். கையில் டயர் கழற்றும் இரும்பு இருந்தது. அதைக் கீழே வைக்கவில்லை.

"இன்னும் என்கிட்ட எடுத்துக்க என்ன சார் மிச்சம் இருக்கு?"

தாளை நீட்டினேன். அடியில் இருந்த வரியை விரலால் காட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு முறை, இன்னொரு முறை.

"எங்க கோச், ஸ்டால்னு ஒருத்தர், நான் ஃபாரத்துல பொய் எழுதிட்டேன்னு டீம் முன்னாடி வச்சு சொன்னாரு," என்றார். குரல் உயரவில்லை. "பதினெட்டுப் பசங்க. ஒருத்தன்கூட என்னோட உக்கார்ந்து சாப்பிடல. நான் படிப்பையே விட்டுட்டேன். எங்கப்பா சாகுற வரைக்கும், 'நிஜமாவே பாஸ் பண்ணினியாடா'ன்னு கேக்கவே இல்ல. கேக்காம இருந்தாரு. அதுதான் சார் தாங்க முடியல."

கடைக்குள் ரேடியோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தது.

"யாரு இந்தக் கணக்கைப் போட்டது?"

அலுவலகம் என்று ஒரு சொல் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அது பொய்யும் இல்லை. அவர் கையில் இரும்பு இருந்தது. ஆனால் நான் பயந்தது இரும்புக்கு அல்ல, அவர் கண்ணாடி வழியாகப் பார்த்த பார்வைக்கு.

"நான். நீங்க ஃபோன் பண்ணினப்போ எடுத்ததும் நான்தான். மறுபடி பார்த்தேன்னு சொன்னேன். பார்க்கல. என்னை மன்னிக்கணும்."

இரும்பு அவர் கையில் ஒருமுறை திரும்பியது. பிறகு வேலை மேஜைமேல் தொப்பென்று விழுந்தது.

"போயிடுங்க சார்."

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் பெல்மரி மைதானத்துல இயக்குநர்கள்..."

"அங்க போய் என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும். ஆபீஸ்ல ஒரு சின்னத் தவறு நடந்துடுச்சும்பீங்க. உங்க ஆளுங்க அப்படித்தான் பேசுவாங்க. தவறு தானா நடக்கும். யாரும் பண்ணவே மாட்டாங்க."

மறுபடி லாரியின் கீழே போய்விட்டார்.

வெள்ளி காலை ஒன்பதரைக்கு, பெல்மரி மைதானத்தின் வாகன நிறுத்தத்தில் விக் கொசியாக்கைப் பிடித்தேன். அவன் வேவர்ன் கல்லூரியின் விளையாட்டு இயக்குநர். இருபது வருடமாகக் கோடையில் நாங்கள் ஒரே படகில் மீன் பிடிக்கிறோம். எண்பத்தாறில் அவனும் வேவர்ன் அணியில் ஆடினான். இந்த ஐம்பது வருடத்தில் வேவர்ன் முதலிடம் வந்தது அந்த ஒரே ஒரு முறைதான்.

முழுவதும் கேட்டபின் அவன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

"எங்க ஜிம் சுவத்துல ஒரே ஒரு சாம்பியன் கொடிதான்டா தொங்குது."

"தெரியும்."

"எங்க பசங்க தினமும் அதோட நுனியைத் தொட்டுட்டுத்தான் மைதானத்துக்குப் போறாங்க. அதுவும் தெரியுமா? இப்போ ஏணி வச்சு நான் ஏறி அதைக் கழட்டணுமா?"

"நீ என்ன முடிவு பண்ணுவியோ பண்ணு, விக். நான் கேக்க வரல. உள்ள போறதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

"ரொம்பப் பெரிய மனசு," என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்து போனான். கதவை எனக்காகப் பிடிக்கவில்லை.

கூட்டம் மைதானத்தை ஒட்டிய அறையில். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக் கோடுகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவர் லெனோர் பிராட் நல்ல பெண்மணி. முந்தின இரவு நான் அனுப்பிய குறிப்பைப் படித்திருந்தார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "ஒரு அலுவலகப் பிழை தெரிய வந்திருக்கு," என்று தொடங்கினார்.

அப்போது பின்கதவு திறந்தது. ராய்ஸ் டன்லவி கடைச் சட்டையோடு வந்து, உட்காராமல், கதவோரம் கைகட்டி நின்றார். சட்டைப் பையின்மேல் அவருடைய பெயர் தைத்திருந்தது. இயக்குநர்களில் ஏழு பேர் திரும்பிப் பார்த்தார்கள். விக் மட்டும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் எழுந்தேன். முழங்கால் மேஜையில் இடித்தது.

"மன்னிக்கணும், லெனோர். அலுவலகப் பிழை இல்ல. நான் பண்ணினது. கணக்கைத் தப்பாப் போட்டது நான். இன்னொரு தடவை பாருங்கன்னு அவர் கெஞ்சினப்போ பார்க்காமலே பார்த்தேன்னு சொன்னதும் நான். அது பிழை இல்ல, பொய். அந்தப் பொய்யால இருபத்தஞ்சு வருஷமா அவரைப் பொய்யன்னு சொல்லிக்கிட்டிருக்கோம். நம்ம புத்தகமும் அதையே சொல்லுது."

ஒரு இயக்குநர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "மேல்முறையீட்டுக்கு மூணு நாள்தான் அவகாசம். அது எண்பத்தாறுலயே முடிஞ்சு போச்சு. இந்தக் கதவைத் திறந்தா எத்தனை பழைய சீசன் வரிசையா வந்து நிக்கும்?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இன்னொருவர் தலையாட்டினார்.

லெனோர் கல்லூரிகளின் பெயரை அகர வரிசையில் அழைத்தார். வெற்றிகளைத் திருப்பித் தரச் சம்மதமா? பெல்மரி, சம்மதம். அடுத்தது, சம்மதம். அடுத்தது, இல்லை. சம்மதம். சம்மதம். விதிப் புத்தகக்காரர், இல்லை. சம்மதம்.

ஐந்து சம்மதம், இரண்டு மறுப்பு. பட்டியலில் கடைசிப் பெயர் வேவர்ன்.

விக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். பதில் சொல்லவில்லை. சுவரோரம் இருந்த மேஜைக்குப் போய் ஒரு கோப்பையில் காபி ஊற்றினான். கொஞ்சம் சிந்தியது. அதை எடுத்துக்கொண்டு பின்கதவுக்குப் போய் ராய்ஸிடம் நீட்டினான்.

"சக்கரை வேணுமா?"

"வேணாம்."

"அந்த ஏப்ரல்ல என்னை ஒரே மேட்ச்ல ரெண்டு தடவை அவுட் ஆக்கினீங்க. மூணாவது தடவையும் பந்தை நான் பார்க்கவே இல்ல, மட்டையை மட்டும் சுத்தினேன்." பிறகு தன் நாற்காலியைக் காட்டினான். "உக்காருங்க. காலைலேர்ந்து நின்னுட்டு இருக்கிற மாதிரி இருக்கீங்க."

ராய்ஸ் தயங்கினார். பிறகு வந்து வேவர்னின் நாற்காலியில் உட்கார்ந்தார். விக் அவருக்குப் பின்னால் நின்றபடி லெனோரைப் பார்த்தான்.

"சம்மதம். எழுதிக்கோங்க." என் பக்கம் திரும்பினான். "ஆனா இந்தக் கோடை உன்கூடப் படகுல வர மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"சரி, விக்."

அவன் கொடுத்தது எவ்வளவு என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். பெரிய தியாகங்களைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஒரு கோப்பைக் காபியைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்து கேட்டதில்லை. ஆனால் அது இல்லாமல் அவனால் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

மணி பதினொன்று இருபது. எல்லோரும் ஒவ்வொருவராக மைதானத்துக்குக் கிளம்பினார்கள். நான் அதே மேஜையில் மடிக்கணினியைத் திறந்து எண்பத்தாறாம் சீசனுக்குப் பத்தி எழுதினேன். பெல்மரி முதலிடம். பதினான்கு வெற்றிகள். ரத்து செய்யப்பட்டது தவறு, தவறு செய்தவர் டேல் ஹாஸ்டெட்லர். அதன்பின் சீசனின் நல்ல ஆட்டம் ஒன்று வேண்டும். ஏப்ரல் பத்தொன்பது, பெல்மரி 4, வேவர்ன் 0. டன்லவி முழு ஆட்டமும் வீசி மூன்றே ஹிட் கொடுத்தார்; அதாவது எதிரணி பந்தை அடித்துத் தளம் சேர்ந்தது மூன்று முறைதான்.

ராய்ஸ் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"ரெண்டு," என்றார்.

"என்னது?"

"ரெண்டு ஹிட்தான் கொடுத்தேன். மூணாவது எங்காளு கைக்குள்ள வந்த பந்து. அவன் கோட்டை விட்டுட்டான். அது அவன் தப்பு, என் கணக்குல ஹிட்டா வராது."

கதவருகே போயிருந்த விக் நின்றான். "அது சுத்தமான ஹிட்! அடிச்சது நான். பந்து தரையில குத்தி அவன் முகத்துக்கு எகிறுச்சு. யாராலயும் பிடிச்சிருக்க முடியாது."

"இப்பதானே பந்தைப் பார்க்கவே இல்லன்னு சொன்னீங்க?"

"கண்ணை மூடிட்டு அடிச்சாலும் ஹிட் ஹிட்தான், மிஸ்டர்!"

நான் கோப்பைப் புரட்டினேன். அந்த நாளின் ஸ்கோர் தாளில் மையால் தெளிவாக மூன்று என்று இருந்தது. மணி பதினொன்று நாற்பத்தாறு. "தாள்ல மூணுதான் இருக்கு. வேற ஆதாரம் இல்லாம என்னால மாத்த முடியாது," என்றேன். சொல்லும்போதே பயமாக இருந்தது.

ராய்ஸ் குனிந்து தாளை உற்றுப் பார்த்தார்.

"இதை எழுதினது யாரு? நீங்களா?"

"இல்ல. பெல்மரி ஆள்."

"தப்பிச்சீங்க," என்றார். சிரிக்கவில்லை. ஆனால் காலிக் கோப்பையை என் மேஜைமேல் வைத்தார்.

மூன்று என்றே விட்டுப் பத்தியை அனுப்பினேன். ஜன்னல் வழியே பார்த்தபோது இருவரும் மைதானத்தின் வேலியோரம் நடந்துகொண்டிருந்தார்கள். விக் குனிந்து, பந்து எங்கே குத்தி எப்படி எகிறியது என்று கையால் காட்டினான். ராய்ஸ் தலையை இல்லை இல்லை என்று ஆட்டிக்கொண்டே நடந்தார்.