பொய் வயது, மெய் வயது, வறுத்த அரிசி

1

இந்தக் கதை என் எரிச்சலில் பிறந்தது. சைகோனில் பியானோ டீச்சர் மாதலேன் வீட்டுக்குக் காபி குடிக்கப் போனவன், ஓர் அக்கா தம்பி சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். 'மழை ஓய்ந்த மாலையில், பழைய பியானோ ஒன்று…' என்று தொடங்கிப் பார்த்தேன். அழகாக இருந்தது. அடித்துவிட்டேன்.

2

வியட்நாமில் குடியேறிய காரைக்கால் குடும்பம். எழுபத்தாறில், கம்யூனிஸ்டுகள் சைகோனைப் பிடித்த மறுவருடம், தம்பி எட்மோன் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு பாரிசுக்குப் பறந்துவிட்டான். (முதல் படியில் 'அவர்' என்று எழுதியிருந்தேன். மரியாதையை எடுத்துவிட்டேன்.) படுக்கையில் கிடந்த அப்பாவுக்காக மாதலேன் நின்றுவிட்டார். வீட்டுப் பியானோவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தான் இன்றுவரை அவருக்குச் சோறு. இப்போது, 2004இல், பியானோவைப் பாரிசுக்கு எடுத்துப்போக எட்மோன் வந்து நிற்கிறான்.

ஒரே தடை. பியானோ நூறு வயது தாண்டியிருந்தால், பழம்பொருள் என்று நாட்டை விட்டு வெளியே விடமாட்டார்கள்.

(மூடிக்கு உள்பக்கம் ஒரு பதக்கப் படமும் 1889 என்ற எண்ணும் பொன்னெழுத்தில் இருக்கும். கம்பெனி ஏதோ கண்காட்சியில் பரிசு வாங்கிய வருடம் அது. குடும்பமே அதைப் பியானோ பிறந்த வருடமாக நினைத்துப் பீற்றிக்கொண்டது.)

3

எந்த எண் எந்த வருடத்துப் பியானோ என்று எட்மோன் பாரிசிலேயே விசாரித்துக்கொண்டு வந்திருந்தான். முன்பலகையைக் கழற்றி, இரும்புச் சட்டத்தில் பொறித்திருந்த எண்ணைப் படித்தான்.

"அக்கா, இது இருபத்தேழுல செஞ்சது. நாளைக்கு வயசு பாக்க ஆபீசர் வந்தா இந்த நம்பரைக் காட்டிடலாம்."

"ஊரெல்லாம் எண்பத்தொம்பதுன்னு பீத்திக்கிட்டவன் நீதானே?"

"அப்ப தெரியாது. உனக்குப் புதுசு ஒண்ணு வாங்கி அனுப்புறேன்."

"அப்பா சாகக் கெடந்தப்பவும் வர்றேன்னுதான் சொன்னே."

மாதலேன் பலகையைப் பிடுங்கி அறைந்து மூடினார்.

"ஈரம் புடிக்கக் கூடாதுன்னு இதுக்குள்ள பல்பு எரிய விட்டேன். கரண்டு இல்லாதப்ப அரிசிய வறுத்து, துணியில முடிஞ்சு வச்சேன். ரேஷன் அரிசிடா! அப்பா பசியோட அதைப் பாத்துக்கிட்டே கெடந்தாரு. இதோட வயசை என்னைக் கேளு!"

4

எட்மோனுக்கும் ஒரு நியாயம் கொடுக்க வேண்டுமாம். 'எட்மோனின் கண்கள் கலங்…' இல்லை ஐயா, அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

முடிவு அ: நம்பரைக் காட்டி, பியானோ டான் சோன் நாட் விமான நிலையம் போகிறது. எழுதக் கை வரவில்லை.

முடிவு ஆ: பதக்க வருடம் மட்டும் மிஞ்சட்டும் என்று மாதலேன் அரத்தை எடுத்து எண்ணை ராவுகிறார். இந்த அயோக்கியனுக்காக அவர் ஏன் திருட்டுத்தனம் செய்ய வேண்டும்?

5

அதிகாரி வந்துவிட்டார். மூடி திறந்திருக்கிறது, முன்பலகை மூடியிருக்கிறது. எட்மோன் வாசலில் போனில் இருக்கிறான். பதக்கத்தைக் குனிந்து பார்த்த அதிகாரி, "எண்பத்தொன்பதா?" என்று கேட்கிறார்.

மாதலேன் வாயைத் திறக்கவில்லை. நானும் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உண்மை தெரிந்து அந்த அறையில் மிச்சமிருப்பது நீங்கள்தான். சொல்வதென்றால் சொல்லுங்கள். அதன் பிறகு என் முகத்தில் விழிக்காதீர்கள்.