சுவரில் எழுதின படம்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வெட்கம் விட்டுப்போய்விட்டது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறார்கள். காலில் செருப்பு இருக்காது, நெற்றியில் பட்டை இருக்கும், கையில் போன் இருக்கும். தோளில் கிடக்கிற குழந்தை அழுதால் என்ன ஏது என்று கேட்பதில்லை. போனை அதன் மூஞ்சிக்கு நேராகப் பிடிப்பார்கள். அது வாயைப் பிளந்து பார்க்கிற நேரம் எதையோ ஒன்றைத் திணிப்பார்கள். காலி பாக்கெட்டை என் வாசலில் போட்டுவிட்டு அரோகரா என்று போய்விடுவார்கள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை மேலேயே வீடு எனக்கு. மறுநாள் காலையில் துடைப்பம் பிடிக்கிறவனுக்குத் தெரியும் இவர்கள் பக்தி.

நான் திட்டுவதைக் கேட்டால் மருமகள் மணிமொழி சிரிப்பாள்.

"அந்தப் பாக்கெட்டு படத்தை நம்ம சுவத்துல எழுதி வச்சுட்டு, குப்பை மட்டும் எதிர் வூட்டுல வுழணுமா மாமா?"

அவள் கேட்பது நியாயம்தான். பாதையைப் பார்த்த என் பக்கச் சுவரில் பத்து வருஷமாக ஒரு தீனி பாக்கெட் விளம்பரம் இருந்தது. சேப்பு பாக்கெட், அதிலிருந்து மஞ்சள் வளையம் வளையமாகக் கொட்டும், பக்கத்தில் ஒரு குண்டுக் குழந்தை சிரிக்கும். எழுத வந்தவனிடம் நான் காசு கேட்கவில்லை. வீடு பூராவும் வெள்ளையடித்துக் கொடு என்றேன். அடித்துக் கொடுத்தான். நல்ல பேரம் என்று மார் தட்டிக்கொண்டேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேர் சடையன். நாலாவது வரைக்கும் படித்தேன், அதற்கு மேல் படிப்புக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. எவனையும் சட்டென்று நம்ப மாட்டேன். டாக்டரையே பாதிதான் நம்புவேன். இப்படிப்பட்டவன் வீட்டில், என் மருமகள் முகம் தெரியாத பொம்பளைகளோடு போனில் பிள்ளை வளர்ப்பு பேசினால் எனக்கு எப்படி இருக்கும்?

பால்பல் என்று ஒரு வெப்சைட். பிள்ளை பெற்றவர்கள் அதில் கேள்வி கேட்பார்கள். பால் கக்குகிறது, சோறு துப்புகிறது, பல் முளைக்கவில்லை, இப்படி. தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். அதை ஆரம்பித்தவள் சுருதி என்கிற பெண். வந்தவாசிப் பக்கம் ஜைன ஊர் அவளுக்கு, இப்போது குடியிருப்பது வேங்கிக்காலில். சாப்பாட்டுச் சத்து பற்றியே காலேஜில் படித்தவளாம். சோறு திங்க ஒரு காலேஜா என்று நான் கேட்டிருக்கிறேன்.

அப்புறம் கேட்கவில்லை.

என் பேத்தி கவியாவுக்கு அப்போது ஒன்றரை வயசு. பின்பக்கத்து மண்சுவரை நகத்தால் சுரண்டிச் சுரண்டித் தின்றாள். அடித்தாலும் தின்றாள், கையைக் கட்டினாலும் வாயை வைத்து நக்கினாள். நான், அக்கம்பக்கம், எல்லோரும் ஒரே பேச்சுதான். குழந்தைகள் மண் தின்கிறது சகஜம், பூச்சி மருந்து கொடு, சரியாகும். என் மகன் வல்லரசு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். மணிமொழி யாரைக் கேட்பாள்? பால்பல்லில் எழுதினாள். கால் மணி நேரத்தில் அந்த சுருதி போனிலேயே கூப்பிட்டுவிட்டாள்.

"கண்ணு ரெப்பையைக் கீழ இழுத்துப் பாருங்க. உள்ள சேப்பா இருக்குதா, வெளுத்து இருக்குதா?"

வெளுத்து இருந்தது. காகிதம் மாதிரி.

"நாளைக்குன்னு வைக்காதீங்க. இப்பவே ரத்தம் பாருங்க."

பெரியாஸ்பத்திரியில் பார்த்தார்கள். ரத்தம் பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தரை இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இதயத்துக்கே ஆபத்து என்றார் டாக்டர். ஏற்ற வேண்டியதை ஏற்றினார்கள், கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்கள். ஒன்பது நாள். பத்தாம் நாள் கவியா என் மீசையைப் பிடித்து இழுத்தாள். அந்த இழுப்பு இப்போதும் எனக்கு வலிக்கிறது, அவ்வளவு நல்ல வலி.

அதிலிருந்து மணிமொழியும் பால்பல்லில் சேர்ந்து சுருதிக்குத் துணையாக பதில் எழுதுகிறாள். எனக்கு நன்றி சொல்லத் தெரியாது. சுருதி வீட்டுக்கு வருகிறாள் என்றால் முருங்கை மரத்தில் ஏறி ஒரு கட்டு கீரை ஒடித்து வைப்பேன். அது மட்டும்தான். வண்டியில் மாட்டிக்கொண்டு போவாள்.

மூன்று வருஷம் போயிற்று. போன மாசம் ஒரு சாயங்காலம் சுருதி வந்தாள். பொழுது சாய்ந்தால் வாயில் எதுவும் வைக்க மாட்டாள், அது ஜைனர்கள் வழக்கம். அதனால் மணிமொழி ஐந்து மணிக்கே கேழ்வரகு புட்டு அவித்துக் கொடுத்தாள். சுருதி சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"மணி, அடுத்த மாசத்தோட பால்பல்லை நடத்த என்னால முடியாது. வெப்சைட் இடத்துக்கு வாடகை, பதில் சொல்ற டாக்டரம்மாவுக்குக் குடுக்கறது, எல்லாம் என் சம்பளத்துல இருந்துதான் போவுது. வீட்டுல திட்டறாங்க. மூட வேண்டியதுதான்."

"மூடறதா? நேத்து மட்டும் நாப்பது பேரு கேட்டிருக்காங்க அக்கா!"

"இல்லன்னா ஒரு வழி இருக்குது. பைபாஸ்ல புதுசா தொறந்தாங்களே, வறுத்த கோழியும் பன்னும் விக்கற கடை. அவங்க விளம்பரம் குடுக்கறாங்க. ஒரு வருஷத்துக்கு. கடை சார்பா பிரசாத்னு ஒருத்தர் பேசினாரு. எனக்கு ஒத்துக்கலாம்னு தோணுது."

நான் வாசலில் உட்கார்ந்து கீரை கட்டிக்கொண்டிருந்தேன். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, கோழி வாசனையே தெரியாத பொண்ணு நீ. நீ கோழிக்கு விளம்பரம் போடப் போறியா?"

"நான் திங்காததை மத்தவங்க திங்கக் கூடாதுன்னு நான் எப்பவும் சொன்னதில்லைங்க ஐயா," என்றாள் சுருதி. கோபமில்லை, களைப்பு. "வேணும்னா வாங்கட்டும், வேணாம்னா வுடட்டும். அம்மாங்களுக்கு புத்தி இல்லையா? பக்கத்தை மூடிட்டா, நாளைக்கு எவ குழந்தையாவது சுவத்தைச் சொரண்டுச்சுன்னா யாரைக் கேப்பா?"

சுவரைச் சுரண்டின குழந்தை என் வீட்டிலேயே இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சுருதி தட்டிலிருந்து புட்டை எடுத்துத் தின்றுகொண்டிருந்தது. அதற்கு உயிர் கொடுத்தவள் எதிரில் நான் எப்படி மாட்டேன் என்று சொல்வேன்? கட்டி முடித்த கீரையைப் பிரித்து மறுபடி கட்டினேன்.

மணிமொழி என் பக்கம் திரும்பினாள். "நீங்க இன்னா மாமா சொல்றீங்க? ஏன், நம்ம சுவத்துலயும்தான் விளம்பரம் இருக்குது. அதனால யாரு கெட்டுட்டாங்க?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"கவியா கெட்டா," என்றேன்.

இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"நீ வேலையா இருக்கறப்ப நான்தானே இவளைத் தூக்கினு திரிவேன். சுவத்தாண்ட வந்தா அந்தப் படத்தைப் பாத்து கை தட்டுவா. அந்த குண்டுக் குழந்தையைப் பாத்து சிரிப்பா. எனக்கு ஆசையா இருந்துச்சு. எதிர்க் கடையில வாங்கிக் குடுத்தேன். தினம் ரெண்டு பாக்கெட்டு. அதைத் தின்னுட்டு டீயைக் குடிச்சுட்டு, நீ ஊட்டற சோத்தைத் துப்பினா. உன்னாண்ட சொல்லல."

மணிமொழி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாரே! வெளித் தீனி எதுனா குடுத்தீங்களான்னு. இந்த அக்கா போன்ல கேட்டாங்களே! நான் இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணாத கொறையா சொன்னேனே!"

"அப்ப என் மடியில ஒரு பாக்கெட்டு இருந்துச்சு."

"மூணு வருஷமா வாயைத் தொறக்கலையே மாமா நீங்க! ஊரு குப்பையை மட்டும் அப்படித் திட்டறீங்க!"

திட்டட்டும். திட்டினது போதாது என்றுதான் எனக்குத் தோன்றியது. "என் சுவத்துல இருக்குதேன்னு நானே நம்பிட்டேன்மா," என்றேன். "எவனையும் நம்பாதவன் நான். என் வூட்டுச் சுவரு சொன்னா பொய்யா இருக்காதுன்னு நெனச்சேன். கெழக்கால வூட்டு காசியம்மா கூட கேட்டா, உன் சுவத்துலயே எழுதி இருக்குதே, நல்ல சாமானாதான் இருக்கும்னு. அவ பேரனுக்கும் வாங்கினா. பால்பல்லும் அப்படித்தானே? நீங்க சொல்றீங்கன்னுதானே ஜனம் கேக்குது? அதுல கோழிய மாட்டினா கோழியையும் நீங்க சொன்ன மாதிரிதான் ஆவும்."

சுருதி தட்டை ஒதுக்கி வைத்தாள். வெளியே வெயில் மஞ்சளாகி மலை மேல் ஏறிக்கொண்டிருந்தது. தட்டில் புட்டு மிச்சம் இருந்தது, பொழுது போய்விடும் என்று கூட அவள் பார்க்கவில்லை.

"ஐயா, பாக்கெட்டு மட்டும் காரணம் இல்லைங்க," என்றாள். "பாலும் டீயும் ஜாஸ்தி, கீரையும் பருப்பும் கம்மி. எல்லாம் சேந்து வந்தது. நீங்க ஒருத்தரே தலையில போட்டுக்காதீங்க." அப்புறம், "நீங்க சொன்னதை நான் எழுதலாமா? பேரு போட மாட்டேன். ஒரு தாத்தா சொன்னாருன்னு. விளம்பரம் வாங்கலாமா வேணாமான்னு அம்மாங்களையே கேட்டுடலாம்."

எழுதிக்கொள் என்றேன். மணிமொழி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள், ஆனால் மோரில் உப்பு சரியாக இருந்தது. அதோடு விட்டுவிட்டாள். மகனிடம் கூடச் சொல்லவில்லை. இந்த மனசு எனக்கு இருந்திருக்குமா, தெரியவில்லை.

அந்த மூன்று நாளில் நான் ஒரு வேலை செய்தேன். சுண்ணாம்பு வாங்கி வந்து கரைத்து என் சுவரில் அடித்தேன். ஒரு கை பூசி, காய்ந்ததும் மறு கையும் பூசினேன். வெள்ளைக்குள்ளே இருந்து சேப்பு பாக்கெட் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

வாரக் கடைசியில் சுருதி வந்து சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். அறுநூறு பேருக்கு மேல் பதில் எழுதியிருக்கிறார்கள். தாத்தா சொன்னதைப் படித்து அழுதவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம் என்றவர்கள் உண்டு. வாங்குங்கள் என்றவர்கள்தான் அதிகம். மணிமொழி ஒன்றைப் படித்துக் காட்டினாள். போளூர்ப் பக்கத்துப் பெண் எழுதினது.

"என் பையனுக்கு வலிப்பு வந்தப்போ, என்ன பண்ணணும், என்ன பண்ணக் கூடாதுன்னு எனக்குச் சொன்னது இந்தப் பக்கம்தான். பக்கம் இருந்தால் போதும். கோழியை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தத் தாத்தாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரோ ஒருத்தி. என் முகம் தெரியாது. கோபித்துக்கொள்ளாதே என்கிறாள். முகம் தெரியாத ஜனங்களை நான் எவ்வளவு கேவலமாகப் பேசியிருக்கிறேன்.

"அதனால வாங்கிக்கறோம் ஐயா," என்றாள் சுருதி. "ஆனா சாப்பாடு பத்தி பேசற எடத்துல வராது. படத்துல குழந்தை இருக்கக் கூடாதுன்னு பிரசாத்தாண்ட சொல்லிட்டேன். மேல கொட்டை எழுத்துல போடறோம்: இது காசு வாங்கிப் போட்டது, எங்க யோசனை இல்ல. அவரும் ஒத்துக்கிட்டாரு. ஒரு வருஷம். அதுக்குள்ள வேற வழி தேடறோம். இப்ப சரிதானே?"

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். நல்ல பெண்கள். வேறு எவளாவது என்றால் ஒரு கிழவனிடம் வந்து சரியா என்று கேட்பாளா?

"பக்கம் மூடாம இருக்குதே, அந்த வரைக்கும் நீ நல்லா இருக்கணும் தாயி," என்றேன். "ஆனா சரின்னு நான் சொல்ல மாட்டேன்."

"இன்னும் இன்னா மாமா?" என்றாள் மணிமொழி.

"எழுத்து போடறேங்கறீங்க. கவியா எழுத்தைப் படிச்சிட்டா கை தட்டினா? நான் மட்டும் எழுத்தைப் படிச்சிட்டா வாங்கினேன்? படத்தைப் பாத்தோம். உங்க எழுத்து படிச்சவங்களுக்கு. படம் எல்லாருக்கும்."

"இந்த மனுஷனை ஒத்துக்க வைக்க அந்த அண்ணாமலையாரே எறங்கி வரணும்!" என்று மணிமொழி நெற்றியில் அடித்துக்கொண்டாள். சுருதி சிரித்தாள். கவியா என்ன ஏது என்று தெரியாமல் அவளோடு சேர்ந்து சிரித்தாள்.

முருங்கைக்கீரையை எடுத்து சுருதி வண்டியில் நானே மாட்டினேன். எப்போதும் ஒரு கட்டு, அன்றைக்கு இரண்டு கட்டு. பொழுது இறங்குது, சீக்கிரம் வீட்டுக்குப் போய் சாப்பிடு என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சமாதானமாகத்தான் இருக்கும். நான் நிற்கவில்லை. சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு, மூன்றாவது கை அடிக்கலாம் என்று சுவர்ப் பக்கம் நடந்தேன்.