சொல்லக் கூசிய அரிப்பு

இளங்கோவன் முப்பத்தோரு வருடம் பெங்களூரில் சிட்டி பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று, ஜீவனஹள்ளி வீட்டில் மகள் சங்கமித்ராவோடு இருந்தார். மனைவி சின்னத்தாயி இறந்து இரண்டு மாதம் கழித்து அவருக்கு ஆசனவாயில் அரிப்பு தொடங்கியது. மகளிடம் எப்படிச் சொல்வது? மூலம் என்று தானே முடிவு கட்டி, மெடிக்கலில் களிம்பு வாங்கிப் போட்டார். கேட்கவில்லை. சுத்தம் போதவில்லையோ என்று கிருமிநாசினி சோப்பு போட்டு நாளைக்கு ஐந்தாறு முறை கழுவினார். எரிச்சலும் சேர்ந்துகொண்டது. புற்றுநோயோ என்ற பயம் பிடித்த பிறகுதான் காக்ஸ் டவுனில் டாக்டர் மமதாவிடம் போனார்.

பெண் டாக்டர் என்றதும் திரும்பிவிடலாமா என்றிருந்தது.

"என்ன தொந்தரவு சார்?"

"பின்னாடி அரிப்பு மேடம். அஞ்சு மாசமா."

மமதா முகம் மாறாமல் எழுதிக்கொண்டார். ரத்தம் வருகிறதா, கட்டி இருக்கிறதா, சர்க்கரை உண்டா, புழு தெரிந்ததா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார் இளங்கோவன். பிறகு மமதா பரிசோதித்துப் பார்த்தார்.

"மூலம் இல்ல, வெடிப்பு இல்ல. தோல்தான் செவந்து புண்ணாகியிருக்கு. துணி யார் துவைக்கிறாங்க?"

"இப்போ நான்தான். முன்னாடி என் சம்சாரம்."

சொன்னதும் அவள் துவைப்பது நினைவுக்கு வந்தது. குழாயில் காவேரித் தண்ணீர் வரும் காலைகளில் சின்னத்தாயி அவருடைய காக்கி பேன்ட்டை மூன்று வாளித் தண்ணீரில் அலசுவாள். "சாக்கு, போதும் தாயி, தண்ணி காலியாவுது" என்பார் இவர். "நீ பத்து மணி நேரம் சீட்டுல உக்காரணும். சோப்பு பவுடர் ஒட்டியிருந்தா கடிக்கும்" என்பாள். அலசிய தண்ணீர் தெளியும்வரை விடமாட்டாள். இவரோ பவுடரை அள்ளிக் கொட்டி, ஒரே வாளியில் முக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்.

அத்தனையும் டாக்டரிடம் சொன்னார். வெளியே ஆட்கள் காத்திருந்தும் மமதா பேனாவை வைத்துவிட்டு முழுதும் கேட்டார், பிறகு சொன்னார்.

"அரிக்குதுன்னு கழுவுறீங்க. சோப்பு தோலைக் கெடுக்குது, இன்னும் அரிக்குது. வெறும் தண்ணி போதும். தேய்க்காம ஒத்தி எடுங்க. துணிய உங்க வீட்டம்மா மாதிரி அலசுங்க. இந்தக் களிம்பு ஒரு வாரம் மட்டும். மூணு வாரத்துல சரியாகலேன்னாலோ, நடுவுல ரத்தம் வந்தாலோ வாங்க."

முதல் நான்கு நாள் மாற்றமில்லை. ஆறாம் நாள் எரிச்சல் நின்றது. இரண்டாம் வாரம் காரச் சட்னி அதிகம் தின்ற மறுநாள் மறுபடி அரித்தது. பயந்தார், ஆனால் சோப்பைத் தொடவில்லை. மூன்றாம் வாரம் அப்படி ஒன்று இருந்ததே மறந்துபோனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் போர்வையை அலசிக்கொண்டிருந்தபோது சங்கமித்ரா குழாயடிக்கு வந்தாள்.

"என்னாப்பா, அம்மா மாதிரியே அலசுற?"

தயங்கித் தயங்கி எல்லாம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"இத்தன மாசம் என்கிட்ட சொல்லல. அம்மான்னா சொல்லியிருப்ப."

"நான் எங்க சொல்றது? நான் நடக்கிறத பாத்தே அவ கேட்டிருப்பா."

சங்கமித்ரா போர்வையின் மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள். சின்னத்தாயி போன பிறகு அன்றைக்குத்தான் இருவரும் அவளைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள்.