வெயிட்டு சோதித்த பெயர்

லிஃப்ட் கம்பெனியில் வெயிட்டு என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்புவார். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா கிடந்தது. புது லிஃப்டில் மனிதர்கள் ஏறுவதற்கு முன்னால் இரும்புக் கட்டிகளை அடுக்கி, அது தாங்கவேண்டியதற்கு மேல் கால் பங்கு கூடுதலாகவும் வைத்து, மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. அவர் பார்த்துக் கொடுத்த லிஃப்ட் ஒன்றில் ஒரு சர்க்கஸ் யானை வழிதவறி ஏறி, நான்காம் மாடியில் பல் டாக்டரைப் பார்த்துவிட்டுப் படியில் இறங்காமல் லிஃப்டிலேயே திரும்பியது. இது வெயிட்டே சொன்னது. யானை இதுவரை மறுக்கவில்லை.

அவர் மனைவிக்கு ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் பார்த்துப் பெயர் கூப்பிடுகிற வேலை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு சின்ன நாட்டின் ஜனத்தொகையைக் கூப்பிட்டு முடித்திருந்தாள். எந்தப் பெயருக்கு ஆள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து வருவான், எந்தப் பெயருக்குச் சிரித்துக்கொண்டு வருவான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதனால் தன் வயிற்றுப் பிள்ளைக்கு ஆறாம் மாதமே பெயரை முடிவு செய்துவிட்டாள். மெத்தென்ற பெயர். ஆணோ பெண்ணோ, இதுதான் என்றாள்.

பெண்தான் பிறக்கும் என்று நம்பி வெயிட்டும் தலையாட்டியிருந்தார். ஏழாம் மாதத்தில், அவசரப்பட்டு, பையன் பிறந்தான். ஒன்றே கால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

"பையனுக்கு இந்தப் பேரு தாங்குமா?" என்று அன்றே ஆரம்பித்தார் வெயிட்டு.

"பேரு எதுக்குங்க தாங்கணும்? கூப்பிட்டா திரும்பினா போதாதா?"

"பள்ளிக்கூடத்துல பசங்க தோலை உரிச்சுருவானுங்க. ரெண்டு நாள் குடு. விசாரிச்சுட்டுச் சொல்றேன்."

அவருக்குத் தெரிந்த விசாரணை ஒன்றுதான். சோதனைப் படிவம் ஒன்றை எடுத்து, லிஃப்ட் எண் எழுதவேண்டிய இடத்தில் மகனின் பெயரை எழுதினார். கட்டி முடியாத பதினான்கு மாடிக் கட்டடத்தில், லிஃப்ட் ஓடுகிற குழிக்கு மேலே நின்று அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டார். ஒவ்வொரு மாடியிலும் தலை நீட்டியவர்களிடம், இந்தப் பெயரில் ஒருவன் வேலைக்கு வந்தால் எப்படி இருப்பான் என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்.

பெயின்டர், அவன் வெயிலுக்குக் குடை கேட்பான் என்றார். தரை போடுகிறவர், சுண்டுவிரலில் அடிபட்டால் ஒரு வாரம் அழுவான் என்றார். எலெக்ட்ரீஷியன், அவனா, அவளா என்று முதலில் தெளிவாகச் சொல்லச் சொன்னார். வாட்ச்மேன் ஆளையே பார்க்காமல், பிளேடு வாங்க அவசியம் இருக்காது, மீசையே முளைக்காது என்று சத்தியம் செய்தார். வெயிட்டின் அண்ணன் போனிலேயே, "டேய், அந்தப் பேர வெச்சா அவனுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆள் வரும்டா" என்று சிரித்தார். எல்லாவற்றையும் வெயிட்டு ஒழுங்காகக் குறித்துக்கொண்டு, எதிரே 'தேறவில்லை' என்று எழுதினார்.

மனிதர் கெட்டவர் இல்லை. ஒன்றே கால் கிலோ பையன் மேல் ஊர்ச் சிரிப்பைத் தூக்கி வைக்க அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு நாள் சாயங்காலமும் மனைவி கேட்டாள். "இன்னைக்காவது வெச்சுடலாமா? கைப்பட்டையில என் பேரைப் போட்டு, 'குழந்தை'ன்னு மட்டும் எழுதியிருக்காங்க."

இன்னும் நாலு பேரைக் கேட்டுவிடுகிறேன் என்பார் வெயிட்டு. மாற்றாக ஏழெட்டுப் பெயர் கொண்டுவந்தார். எல்லாம் கேட்டாலே கதவு அதிரும் பெயர்கள். கண்ணாடிக்குள் கிடந்த அந்த விரல் நீளப் பாதத்தைப் பார்த்தால் அதில் ஒன்றையும் சொல்ல வாய் வரவில்லை. எனவே அவர் எதையும் சொல்லிக் கூப்பிடாமலே, கண்ணாடியைத் தட்டிவிட்டு வருவார். ஏழாம் நாள் மனைவி கேட்பதை நிறுத்திவிட்டாள். சம்மதித்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் காலை, லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கை கழுவக்கூட நிற்காமல் ஓடினார். வார்டு வாசலிலேயே நர்ஸ் நிறுத்தினார். அந்தப் பெயரைச் சொல்லித்தான் சொன்னார். விடியும்போதே மூச்சுக்குத் திணறினான், எவ்வளவோ பார்த்தோம், போய்விட்டான் என்று.

யாரைச் சொல்கிறார் என்று வெயிட்டுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகுதான் புரிந்தது. பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு, ஒன்பது நாளும் மனைவி அவனை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். நர்ஸுகள் கூப்பிட்டிருக்கிறார்கள், தரை துடைக்கிற அம்மா கூப்பிட்டிருக்கிறார். அந்த வார்டில் அவன் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிடாத ஆள் ஒருவர்தான்.

அடுத்த வாரம் இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். பிறப்பும் இறப்பும் ஒரே ஜன்னலில்தான். கிளார்க் முதல் படிவத்தை இழுத்துவைத்துக்கொண்டு, குழந்தை பெயர் என்ன என்று கேட்டார். வெயிட்டு சொன்னார். இரண்டு தடவை சொல்லவேண்டி வந்தது. கிளார்க் எழுதிவிட்டு, கேட்காமலே 'பெண்' என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

"பையன்" என்றார் வெயிட்டு.

கிளார்க் நாக்கைக் கடித்துக்கொண்டு அதை அடித்தார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று பேனாவைக் கொடுத்தார். "தப்பா நினைக்காதீங்க சார். இந்தப் பேரைக் கேட்டா யாரும் பொண்ணுன்னுதான் நினைப்பாங்க."

வெயிட்டு கையெழுத்துப் போட்டார். "நினைச்சுட்டுப் போகட்டும்" என்றார்.

மனைவி அவர் பக்கம் திரும்பவில்லை. ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டே, சத்தம் கூட்டாமல் சொன்னாள்:

"இதை அன்னைக்குச் சொல்லியிருந்தா, நீங்களும் ஒரு தடவை கூப்பிட்டிருப்பீங்க."

கிளார்க் அடுத்த படிவத்தை எடுத்தார்.

"இதுலயும் அதே பேர்தானே?"