ஓரத்தில் நான்கு விரல்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. யாரோ ஒரு பெண் ஓர் அறையை ஓவியமாக வரைந்தாள். அதைப் பார்த்து என் அக்கா நூலால் ஒரு துணியில் பின்னத் தொடங்கினாள். அக்கா பின்னுவதைப் பக்கத்து அறையிலிருந்து பார்த்து நான் எழுதுகிறேன். கை மாறிக் கை மாறி வந்த சரக்கு. கிழிசல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்படித் தொடங்குவது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். முதலில் இப்படி எழுதினேன்:

ஒரு ஊரில் ஒரு தையல்காரி இருந்தாள். அவளுக்கு —

அவளுக்கு என்ன குறை என்று தெரியாததால் அங்கேயே நின்றுவிட்டேன். அடுத்து:

அன்று மழை பெய்துகொண்டிருந்தது.

பெய்யவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. (தொடக்கம் வராதபோதெல்லாம் மழையைக் கூப்பிடுவது என் கெட்ட பழக்கம்.) மூன்றாவதாக எழுதியது இது:

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றியபோது அதன் ஓரத்தில் ஒரு கை இருந்தது.

இது பொய்யில்லை. இங்கிருந்தே போகலாம்.

2

எங்கள் அப்பா படங்களுக்குச் சட்டம் போடுகிறவர். தெருவைப் பார்த்த அறைதான் கடை. மரத்தூள், கண்ணாடித் துணுக்கு, பசை வாடை எல்லாம் அங்கே. அடுத்த அறையில் அக்காவின் தையல் மெஷின். அதற்கும் பின்னால் என் அறை. அக்காவின் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு கதவு. அடியில் தரை தட்டுவதால் அது முழுதாகச் சாத்தாது, முழுதாகத் திறக்கவும் செய்யாது.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள். கடைக்கு ஆள் வந்தால் பின்னால் நழுவிவிடுவேன். "சின்னவ எங்க?" என்று யாராவது கேட்டால், "அது பல்லி மாதிரி. எந்தச் சுவத்துல ஒட்டிக்கிட்டிருக்கோ" என்பார் அப்பா.

அக்கா பேன்ட் உயரம் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள், சீருடைப் பையில் பேர் பின்னித் தருவாள். தனக்கென்று எதையும் தைத்ததில்லை. (இந்த இடத்தில் அவளுக்கு ஒரு சோக முகம் கொடுத்து நீளமாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் நன்றாகச் சிரிக்கிறவள். இந்த வீட்டில் என்னிடம் தினமும் பேசுகிற ஒரே ஆளும் அவள்தான். அதை மட்டும் மறக்காமல் படியுங்கள். மற்றதெல்லாம் அதை ஒட்டித்தான்.)

ஒரு மதிய நேரம் படத்துக்காரர் வந்தார். வயதானவர். முதல் பிரதியில் அவரை வில்லனாக்கப் பார்த்தேன். ஆனால் அவர் வாசலில் நின்று காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். காலைத் துடைக்கிற வில்லனை எழுத எனக்கு வரவில்லை.

"என் தங்கச்சி வரைஞ்சது. சட்டம் செல்லரிச்சுப் போச்சு. படத்துக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது."

அப்பா திருப்பிப் பார்த்தார். "இது நான் போட்ட சட்டமாச்சே. சின்னவ பொறக்கிறதுக்கு முன்னாடி போட்டது. அந்தப் பொண்ணுதான் கொண்டு வந்துச்சு. நல்லா இருக்கா?"

"வீட்டுல இல்ல."

"எங்க இருக்கு?"

"வீட்டுல இல்ல," என்றார் மறுபடியும். அப்பா அளவுநாடாவை எடுத்துக்கொண்டார்.

3

படத்தில் இருப்பது ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, நாற்காலி மேல் போட்டது போட்டபடி ஒரு துண்டு. இடதுபக்கம் ஜன்னல் வெளிச்சம். வலது ஓரத்தில் பாதி திறந்த கதவு. ஆள் யாரும் இல்லை. யாராவது வரட்டும் என்று அறை காத்திருப்பது போல இருக்கும்.

பழைய சட்டத்தைப் பிரித்ததும் வலது ஓரம் வெளியே வந்தது. கதவின் விளிம்பை வெளியிலிருந்து பிடித்தபடி நான்கு விரல்கள். கட்டைவிரல் தெரியவில்லை. நடுவிரலின் பக்கவாட்டில் கறுப்பாக ஒரு திட்டு. இவ்வளவு காலமும் அவை காடிக்குள்* இருந்திருக்கின்றன.

* காடி என்பது சட்டத்தின் உட்புறம் படம் உட்காருகிற பள்ளம். அதன் உதடு படத்தின் ஓரத்தில் கொஞ்சத்தை எப்போதும் மூடிக்கொள்ளும். எல்லாச் சட்டமும் படத்தை இப்படிக் கொஞ்சம் தின்னும். வாங்குகிறவர்களுக்கு இது தெரியாது.

அக்கா திட்டைப் பூஞ்சை என்று நினைத்து ஈரத்துணியால் ஒற்றிப் பார்த்தாள். போகவில்லை.

"அப்பா, இதுல கை இருக்கு."

"இருக்கும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"என் வேலையே ஓரம்தானேம்மா. நடுவுல மலை இருக்கா மாடு இருக்கான்னு யார் பாத்தா? அப்பவே அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன், விரல் மறைஞ்சிடும்னு. மறையட்டும், வர்றப்ப தெரியும்னு சொல்லிச்சு."

"யாரு வர்றப்ப?"

"கேட்டா நாலு விரல் அதிகமா வரைஞ்சிடப் போகுதேன்னு கேக்கல," என்றார் அப்பா, ஆணியை வாயில் வைத்துக்கொண்டு.

அன்று சாயங்காலமே அக்கா ஒரு வெள்ளைத் துணியை வளையத்தில் மாட்டினாள்.

4

அக்காவுக்கு அந்தக் கை மறைந்திருந்தது பொறுக்கவில்லை. படத்தை அப்படியே நூலில் கொண்டுவர அவள் விரும்பவில்லை. கட்டிலைச் சின்னதாக்கினாள், ஜன்னலை விட்டே விட்டாள். கதவு பெரிதானது. விரல்களுக்கு மட்டும் ஒற்றை இழையில் ஊசி போட்டாள். வாடிக்கையாளர்களின் துணி நாற்காலியில் மலையாகக் குவிந்தது. சாப்பிடக் கூப்பிட்டால், "இதோ, இந்த நகம் மட்டும்" என்பாள். தன்னுடையது என்று ஒன்று செய்கிற ஆளின் முகம் எப்படி இருக்கும் என்று நான் அப்போதுதான் பார்த்தேன். பொறாமையாகக்கூட இருந்தது.

முடித்துக் கடையில் கொண்டுபோய் வைத்தாள். அப்பா ஒரு சட்டத் துண்டை அதன் மேல் வைத்தார். விரல்கள் காணாமல் போயின.

இது தையல்காரிகள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. துணியில் மடிப்புக்கு இடம் விடுவது அவர்கள் கைக்குத் தானாக வரும். அக்காவும் விட்டிருந்தாள், பின்னால் மடிக்க. சட்டம் முன்பக்கமும் தின்னும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

"இப்ப என்ன பண்றது?"

"இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் தைச்சுக் கொண்டா. சட்டம் அதைத் தின்னுட்டுப் போகட்டும்," என்றார் அப்பா.

அந்தப் பக்கம் என்றால் படத்தில் இல்லாத பக்கம். விரலுக்குப் பின்னால் மணிக்கட்டு. அக்கா மணிக்கட்டைத் தைத்தாள். சட்டம் வைத்துப் பார்த்தால் மணிக்கட்டு பாதியில் வெட்டுப்பட்டு நின்றது, விபத்தில் போன கை மாதிரி. சகிக்கவில்லை. அதை மூட ஒரு சட்டைக் கைமடிப்புத் தைத்தாள். நீல நூல். அது ஏன் நீலம் என்று கேட்டேன்.

"கையில கிடைச்சது," என்றாள். தன் மடியிலிருந்த நீலச் சட்டையைப் பார்க்காமலே சொன்னாள். அவள் தினமும் போட்டு வெளுத்துப்போன சட்டை. அதை இப்போது எனக்கென்று அளவு குறைத்துக்கொண்டிருந்தாள்.

விரலில் இருந்த கறுப்புத் திட்டையும் விடாமல் தைத்திருந்தாள். "ஊசி குத்தாம இருக்க நடுவிரல்ல தகரக் குப்பி போட்டுக்கறோம்ல, அது மாதிரி இல்ல?" என்று தன் விரலை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். நூல் விரலும் அவள் விரலும் ஒரே நீளம். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

5

இதுவரை எழுதியது நடந்தது. இனி எழுதப்போவதைப் பற்றி எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை.

கதைக்கு ஒரு நுணுக்கம் வேண்டும் என்று, கதவுக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது, ஒன்று கவிழ்ந்து என்று எழுதிவைத்தேன். ஓவியத்தில் செருப்பு கிடையாது. துணியிலும் கிடையாது. எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான். நோட்டை மெத்தைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

மறுநாள் காலை அக்கா துணியின் கீழ் ஓரத்தில் குனிந்திருந்தாள். எட்டிப் பார்த்தேன். செருப்பு. ஒன்று கவிழ்ந்து.

"இதை யாரு உனக்குச் சொன்னதுக்கா?"

"யாரு சொல்லணும்? அங்கதான் கிடக்கு."

அவள் குறும்பு செய்யும்போது இடது புருவம் தூக்கும். அப்போது தூக்கவில்லை.

6

படத்துக்காரர் புதுச் சட்டத்தைப் பார்க்க வந்தபோது படம் இன்னும் மேஜையில் திறந்தே கிடந்தது. அவர் விரல்களைப் பார்த்தார். தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது என் கை இல்ல," என்றார்.

யாரும் அவரைக் கேட்கவில்லை. நான் வழக்கம்போலச் சுவரோரம் இருந்தேன். அக்காதான் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. என்ன ஆச்சு அவங்களுக்கு?"

"பக்கத்து ரூம்லதான் நான் இருந்தேன். இந்த மாதிரி பட்டப்பகல். படத்தை மாட்டணும், ஒரு பக்கம் பிடிண்ணான்னு கூப்பிட்டா. பேப்பர் படிச்சிட்டிருந்தேன். வர்றேன்னேன். திரும்பக் கூப்பிட்டா. அதான் வர்றேன்னு சொல்றேன்லன்னு கத்தினேன். மூணாவது தடவை கூப்பிடல." கட்டிய கையை அவிழ்க்காமலே ஸ்டூலில் உட்கார்ந்தார். "போய்ப் பாத்தா படம் சுவத்துல நேரா மாட்டியிருக்கு. செருப்பு அங்கயே கிடக்கு. ஒண்ணு கவுந்து."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"யாராவது வந்து கூட்டிட்டுப் போயிருப்பாங்க," என்றார் அப்பா.

"அந்த ரூமுக்கு என் பக்கம் மட்டும்தான் கதவு."

7

இப்போது உங்களுக்கும் எனக்கும் தெரிந்தது ஒன்றுதான். செருப்பை நான் எழுதினேன், அக்கா தைத்தாள். கைமடிப்பு அவள் சட்டை நிறம், விரல் அவள் விரல் நீளம். அப்படியானால் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு அந்த அறைக்குள் போகப்போவது அவள். முடிவை நான் எழுதினால் அவள் அதையும் தைப்பாள். ஆகவே முடிவைப் பார்த்து எழுத வேண்டும்.

முடிவு ஒன்று: அப்பா அகலமான சட்டமாகப் போடுகிறார். கை, செருப்பு எல்லாம் காடிக்குள் போகிறது. எல்லோரும் சாப்பிட உட்காருகிறார்கள். (இதை எழுதி அரைமணி நேரத்தில் அக்கா துணியை அவிழ்த்து வலதுபக்கம் இன்னொரு முழத் துணி ஒட்டுப்போட்டாள். மறைக்க மறைக்க அந்தப் பக்கம் வளர்கிறது.)

முடிவு இரண்டு: அக்கா கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தை வெட்டி —

இந்த வரியின் நடுவில் பக்கத்து அறையில் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. வரியை அடித்தேன். சத்தம் நின்றது. "என்னடி அங்க கிறுக்கிட்டிருக்க?" என்றாள் அக்கா, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. ஒன்றுமில்லை என்றேன். எந்த விரலை வெட்டுவாள் என்று யோசித்து, அடித்த வரியை இன்னொரு முறை அடித்தேன்.

முடிவு மூன்று: கதவு திறந்தது. அக்கா

இதற்கு வினைச்சொல்லை நான் எழுதவில்லை. எழுத மாட்டேன். அக்கா என்பதோடு நிற்கட்டும். அப்படியே நின்றால் அவள் எங்கும் போக முடியாது.

8

இன்று மதியம். அப்பா மரம் எடுக்கப் போயிருக்கிறார். நாளை படத்துக்காரர் வந்து தன் படத்தை எடுத்துப் போய்விடுவார். அக்கா காலையிலிருந்து துணியை விட்டு எழுந்திருக்கவில்லை. அளவு குறைத்து முடித்த நீலச் சட்டையை என்னிடம் தூக்கிப் போட்டாள். "போட்டுப் பாரு. சரியா இல்லன்னா இப்பவே சொல்லு, அப்புறம் எனக்கு நேரம் இருக்காது." போட்டுக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்தேன். சரியாக இருக்கிறது. ஏன் நேரம் இருக்காது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் வாய் தாமதமாகத்தான் வரும், அதனால்தானே எழுதுகிறேன்.

"ஏய், இங்க வாயேன். துணியை ஒரு பக்கம் இழுத்துப் பிடி. கடைசித் தையல்."

அக்காதான் கூப்பிடுகிறாள். இந்த வரியை எழுதி முடித்துவிட்டுப் போகிறேன்.

"வர்றேன்க்கா."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் இதே சொல்லை யார் சொன்னார் என்று ஞாபகம் வந்தது. பேனா பிடித்த கையைப் பார்க்கிறேன். நீலக் கைமடிப்பு. நடுவிரலின் பக்கவாட்டில், பேனா அழுத்தி அழுத்திக் காய்த்த இடத்தில், எத்தனை தேய்த்தும் போகாத மைக்கறை. கறுப்பாக ஒரு திட்டு. எனக்கும் அக்காவுக்கும் ஒரே விரல் நீளம். சின்ன வயதில் கையோடு கை வைத்து அளந்திருக்கிறோம்.

அந்தக் கை அவளுடையது இல்லை. அவள் அறைக்குள்ளே இருக்கிறாள். வெளியில் நிற்பது

"அடியே, வர்றியா இல்லையா?"

இரண்டாவது தடவை.

உங்களிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். எழுதுவதும் கதவைத் திறப்பதும் எனக்கு ஒரே கை. அந்தப் பெண் வரைந்த கை பாதித் திறந்த கதவிலேயே இவ்வளவு காலம் நின்றுவிட்டது. அது திறக்க வந்த கையா, சாத்திவிட்டுப் போகிற கையா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியது ஓரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இந்தத் தாளில் அந்தப் பக்கம் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். நான் அக்காவிடம் போய்ச் சேர்ந்தேன் என்று எழுதுங்கள். வேறெதையும் எழுதாதீர்கள். சீக்கிரம். கதவு தரையில் தட்டும், கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும், நான் பேனாவை