வடக்கே திரும்பிய தலையணை

முதற்பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோன பின், எண்பத்தெட்டில் மறுபடியும் முழுகாமல் இருந்தேன். சாவகச்சேரியில் எங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டி வெளியே ஒரு ட்ரான்ஸ்போமர். மூன்று வருடமாக அதன் இரைச்சலில்தான் தூங்கினோம்.

என் கணவர் சண்முகநாதனுக்குப் பேப்பர் வாசிக்கும் வியாதி. மின்கம்பிகளைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தில் நெடுநாள் கிடந்தால் உடம்புக்குக் கூடாதோ என்று வெளிநாட்டில் ஆராய்கிறார்களாம், முடிவு இன்னும் தெரியாதாம். தெரியாததை ஏன் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும்? அன்றோடு என் நித்திரை போயிற்று. இந்தப் பிள்ளையும் போய்விடுமோ என்று பயந்து செத்தேன்.

மோட்டார் திருத்தும் மார்க்கண்டு அண்ணை செப்புக்கம்பிச் சுருளொன்றை ரேடியோவில் பொருத்திக் கொண்டுவந்தார். காந்தப்புலம் கூடிய இடத்தில் அது கூடுதலாக இரையுமாம். தலைமாட்டில் காது கிழிந்தது. கால்மாட்டில் சத்தமே இல்லை.

"கூடாதோ இல்லையோ எனக்குத் தெரியாது, தங்கச்சி. கட்டிலைத் திருப்பிப் போட்டால் மனமாவது ஆறும்."

திருப்பினால் தலை வடக்கே வரும். குறுக்கே போட்டால் கதவு திறக்காது. வடக்கே தலைவைத்துப் படுக்கவே கூடாது என்று என் மாமி, கணவரின் தாய் சிவக்கொழுந்து, ஒற்றைக்காலில் நின்றார். இரண்டு நாள் நான் அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் கிளினிக்கால் வந்து பார்த்தால் என் தலையணையும் சேலைகளும் மாமியின் அறையில் இருந்தன. மாமியின் பாய் எங்கள் கட்டிலில், தலைமாடு அதே சுவரோடு.

"நீ அங்கை கிழக்காலை தலைவைச்சுப் படு, பிள்ளை. எனக்கு அறுபத்தாறு முடிஞ்சுது. இனி என்னை உது என்ன செய்யிறது?"

வெட்கத்தில் அழுதுவிட்டேன். நீங்களாவது தலையைத் திருப்பிப் படுங்கோ என்று எத்தனையோ முறை கெஞ்சினேன். சாத்திரம் சாத்திரம்தான் என்றுவிட்டார்.

பங்குனியில் மகள் சுகமாகப் பிறந்தாள். ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த மறுநாள் விடியக் கோப்பி கொண்டுபோனேன். மாமியின் தலையணை வடக்குப் பக்கம் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமி கோப்பியை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"பேத்தியை வளர்க்க நானும் இருக்கவேணுமெல்லே."