மாமி காயப்போட்ட ஆறு சாரன்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதக் குந்தியது கடலரிப்பைப் பற்றிய சோகக் கதை. "ஒலுவில் கரையில் அலைகள்" என்று தொடங்கினேன், கரண்ட் போயிற்று. கணினிக்கு உயிர் கொடுக்க பஸாலின் கராஜுக்குப் போன இடத்தில் இந்தக் கதை கிடைத்தது. அலைகள் அப்படியே நிற்கட்டும், பிறகு பார்ப்போம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: மாரி மழை விட்ட ஒரு காலையில் வானம்

வேண்டாம். வானத்தில் தொடங்குகிற கதையை நானே வாசிப்பதில்லை.

இரண்டாம் முயற்சி: தோற்றால் பஸால் கத்தாருக்குத் திரும்பிப் போகவேண்டும்.

இது பரவாயில்லை. அங்கே ஏழு வருஷம் ஜெனரேட்டர் திருத்தியவன் அவன். ஊருக்கு வந்து, கல்முனைக்குடியில் பெண்சாதி நதீராவின் சீதன வீட்டு வளவுக்குள்ளேயே கராஜ் போட்டான். ஒரு வருஷத்துக்குள் நிரந்தர வேலை ஒன்று பிடிபடாவிட்டால் திரும்பிப் போவதாக அவளுக்குச் சொல்லியிருந்தான். வருஷம் முடிய நாலு நாள் இருக்க, ஐஸ் பெக்டரி வைத்திருக்கும் கச்சிமுகம்மது ஹாஜியார் தன் ஜெனரேட்டரை லொறியில் கொண்டுவந்து இறக்கினார்.

"முழு லோட்டில ஒரு மணித்தியாலம் ஓடட்டும். ஓடிச்செண்டா பெக்டரி வேல முழுக்க ஒனக்கு. இல்லாட்டிக் கொழும்பு ஆக்களுக்கு."

(அதற்கென்று பஸால் தன் கையால் செய்ததுதான் லோட் பேங்க். ஜெனரேட்டருக்குப் பொய்யாக வேலை கொடுக்கிற பெட்டி. உள்ளே உருக்குக் குழாய்களுக்குள் சூடாகும் கம்பிகள், வரிசை வரிசையாக. வரிசைக்கு ஒரு பியூஸ். பின்னால் ஒரு காற்றாடி. வருகிற கரண்டை எல்லாம் சூடாக்கி முன்பக்கக் கம்பிவலையால் ஊதித் தள்ளிவிடும். வேறு பிரயோசனம் இல்லை. என் போன நாவலை வாசித்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.)

3

ஹாஜியாரை வில்லனாக்கப் பார்த்தேன். சரிவரவில்லை. மனிசன் வந்ததும் வராததுமாக, முருங்கையில் கட்டியிருந்த ஆட்டுக்கு வாழைப்பழம் ஊட்டினார். வில்லன் அப்படிச் செய்வானா? ஆனால் புத்தி சொல்லாமல் அவரால் இருக்க ஏலாது.

"பியூஸ் போனா ஆணி ஒண்டச் செருகு மகன். பொறகு போகவே போகாது."

"போறதுக்குத்தான் ஹாஜியார் பியூஸ் இரிக்கி. அது போகல்லயெண்டா பெட்டி போகும்."

"சரி, இரிக்கட்டும்" என்று ஆணியை மேசையில் வைத்தார்.

அடுத்தது மாமி, நதீராவின் உம்மா, சல்மா உம்மா. இவவை இரண்டு தரம் வெட்டினேன். இரண்டு தரமும் ஈரச் சாரனோடு (லுங்கிதான்) திரும்பி வந்து நின்றா. கலியாணம் முடித்துப் பதினொரு வருஷம். கத்தார் போக மிச்ச நாளெல்லாம் ஒரே வளவுக்குள் இருந்தும் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைத்ததில்லை. கோபதாபம் ஒன்றுமில்லை, மரியாதை. சொல்ல வேண்டியது எல்லாம் நதீராவின் வாய் வழியாகத்தான் போய்வரும்.

4

நாற்பத்தாறாவது நிமிஷம். ஜெனரேட்டர் சோக்காக ஓடுகிறது. மாமி வந்தா, கையில் ஆறு சாரன். பத்து நாள் மழையில் ஒன்றும் காயவில்லை.

"இவ்வளவு சூடும் வீணாப் போகுதே" என்று, ஒவ்வொன்றாக உதறிக் கம்பிவலையில் விரித்தா.

காற்று அடைபட்டால் கம்பி சிவக்கும். சிவந்த கம்பி அறுந்து குழாயில் பட்டால் அந்த வரிசையின் பியூஸ் போகும். ஒரு வரிசை போனாலும் முழு லோட் இல்லை.

பஸால் நதீராவைத் தேடினான். அவள் தேத்தண்ணிக்குச் சீனி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். என்ன செய்வான் பாவம். ஆட்டைப் பார்த்துச் சொன்னான்:

"ஆடே, அந்தச் சாரன எடுக்கச் சொல்லு."

மாமியும் ஆட்டைத்தான் பார்த்தா. "ஆடே, பயணம் போற மனிசன காயாத சாரனோடயா அனுப்புற எண்டு கேளு."

ஆறும் பஸாலின் சாரன். கத்தாருக்குக் கொண்டுபோகிற பைக்கு. ஹாஜியார் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு ஆட்டைப் பார்த்தார். ஆடு வாழைப்பழத் தோலை மென்றுகொண்டிருந்தது. பெட்டிக்குள் இரண்டு வரிசை செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது.

5

முடிவு ஒன்று: பியூஸ் போகிறது, ஹாஜியார் ஆணியைச் செருகுகிறார், பெட்டி தீப்பிடித்து

எழுதி அழித்துவிட்டேன். மாமி பக்கத்திலேயே நிற்கிறா. எனக்கு மனம் வரவில்லை.

முடிவு இரண்டு: திடீரென்று மழை

சீ.

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை, பஸாலே செய்தான். ஆணியை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டான். திரும்பி மாமியின் முகத்தைப் பார்த்தான்.

"மாமி."

பதினொரு வருஷத்தில் முதல் தரம். ஆடுகூட மெல்லுவதை நிறுத்திற்று.

"நான் போகல்ல மாமி. இது ஓடினாலும் போகல்ல, நிண்டாலும் போகல்ல. சாரன எடுங்க."

சல்மா உம்மா ஆறையும் சூட்டோடு வாரி நெஞ்சில் அணைத்துக்கொண்டா. முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்தா.

"இத அந்த ஆட்டுக்காவது முன்னமே சொல்லியிரிந்தா, இம்புட்டையும் நான் ஏன் மகன் கழுவுற?"

6

அந்த நேரம் பார்த்துப் பெட்டிக்குள் டிக் என்று ஒரு சத்தம். பியூஸ் போன சத்தமாக இருக்கலாம். சூடு தணிகிற தகரத்தின் சத்தமாகவும் இருக்கலாம். பஸால் லோட் காட்டும் மீட்டருக்குக் குனிகிறான். ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார்.

நான் பார்க்கமாட்டேன், எனக்குப் பயம். முள் எங்கே நிற்கிறது என்று நீங்கள் பார்த்து அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். சாரன் விஷயத்துக்கு மட்டும் நான் பொறுப்பு: ஆறும் பைக்குள் போகவில்லை. முருங்கைக்கும் கிணற்றுக்கும் இடையே கட்டிய கொடியில் ஈரமாகவே தொங்குகின்றன. ஒன்றை ஆடு தின்றுகொண்டிருக்கிறது.